இரட்டைத் தக்கை

மீன் நாற்றம் என்று சொன்னால் எங்கள் துறைமுகத்தில் யாருக்கும் கோபம் வராது. எந்த மீன் என்றுதான் கேட்பார்கள். கோடையில் மார் தெல் ப்ளாத்தா கடற்கரைக்கு வருகிற பணக்காரர்கள் துறைமுகப் பக்கம் பஸ் திரும்பியதுமே ஜன்னலைச் சாத்துவார்கள். அவர்களுக்கு எல்லாம் ஒரே நாற்றம். எங்களுக்கு அப்படியா? மீன்மாவு ஆலையின் புகை ஒன்று, நெத்திலி ஊறுகிற உப்புத் தொட்டி ஒன்று, கல்சுவரடியில் கும்பலாகப் புரண்டு குரைக்கும் கடல்சிங்கங்களின் வாடை ஒன்று, மஞ்சள் படகுகளின் டீசலும் பெயின்ட்டும் சேர்ந்தது ஒன்று. கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று சொல்லிவிடுவோம். இப்போது ஆலைகளில் பாதி மூடிக் கிடக்கின்றன. ஊர் சுத்தமாகிவிட்டது என்கிறார்கள். ஆகட்டும்.

அந்த வாசனைகளுக்கெல்லாம் ராணியாக இருந்தவள் நீல்டா. மெர்லூசா மீன் அறுக்கும் ஆலையில் கடைசி மேசைக்காரி. பதினோரு பெண்கள் கத்தியால் சதையைப் பிரித்துத் தள்ளுவார்கள். பன்னிரண்டாவதாக நிற்கிற நீல்டா ஒவ்வொரு துண்டையும் விரலால் தடவி முள் இருக்கிறதா என்று பார்ப்பாள். தலைமுடி கனத்தில் ஒரு முள் ஒளிந்திருந்தாலும் அந்த விரலுக்குத் தப்பாது. விரலைவிடப் பெரிய பேர் அவளுடைய மூக்குக்கு. படகுத் தலைவன் எவனாவது வந்து மார்பில் சிலுவை போட்டு, “நேத்துப் புடிச்சது” என்று சொன்னால், மேஸ்திரி சவேரியோ வாயைத் திறக்க மாட்டார். நீல்டாவைக் கூப்பிடுவார். அவள் செவுளைத் தூக்கி ஒரு தடவை முகர்வாள்.

“அஞ்சு நாளு. அதுல ஒரு நாளு ஐஸ் இல்லாமக் கெடந்திருக்கு. வேணும்னா உங்க ஆளுங்களக் கேட்டுப் பாருங்க, கேப்டன்.”

கேப்டன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிவான். மேசை முழுக்கச் சிரிக்கும்.

இவ்வளவு பெரிய மூக்குக்காரி ஏமாந்துபோன கதை இது. தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் குளிர்காலம். பூமியின் தென்பாதியில் எங்களுக்கு ஜூலைதான் குளிர். ஜூலையில் தென்கிழக்கிலிருந்து அடித்த புயல் ஒரு வாரம் படகுகளைக் கட்டிப்போட்டது. புயல் விட்டதும் எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்பிப் போய், ஒரு வியாழக்கிழமை எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தன. வயிறு நிறைய மீன். அந்த மாதிரி நாட்களில் காலை ஆறு மணிக்கு மேசையில் நின்றால் நகர முடியாது. கால் விறைத்துப்போகும், ரேடியோவில் ஓடுகிற பாட்டுக்கு எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள், கத்தினால்தான் குளிர் தெரியாது. இன்றைக்கும் அந்தப் பெண்களில் யாரைப் பார்த்தாலும் முதலில் அந்தக் கத்தலைப் பற்றித்தான் பேசுவார்கள்.

கத்தலைப் பற்றிப் பேசியபின் கட்டையைப் பற்றிப் பேசுவார்கள். கழிப்பறை முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே போக வேண்டுமென்றால் மேஸ்திரியின் கண்ணாடி அறைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிற சிவப்பு மரக்கட்டையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். நாற்பது பெண்களுக்கு ஒரே கட்டை. அது ஆணியில் இல்லையென்றால் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ரப்பர் ஏப்ரன், எண்ணெய்த்துணிக் கால்சட்டை, உள்ளே கம்பளி, இரண்டு ஜோடிக் கையுறை, முழங்கால்வரை பூட்ஸ், இத்தனையும் கழற்றி மாட்டி வருவதற்குள் பத்து நிமிஷம் ஓடிவிடும். சவேரியோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கெட்ட மனிதர் இல்லை. கடிகாரம்தான் அவருக்குத் தெய்வம்.

அதனால் மாதவிலக்கு நாட்களில் மேசைப் பெண்கள் டேம்பான், அதாவது நூல் கட்டிய பஞ்சுச் சுருளை, உள்ளே வைத்துக்கொள்வார்கள். வலை மிதக்கக் கட்டுகிற தக்கை மாதிரி இருப்பதால் அதற்குத் தக்கை என்று பேர். மீன் நிறைய வந்தால் ஒன்று போதாது, இரண்டு. இரட்டைத் தக்கை. இந்தப் பெயரை வைத்தவள் நீல்டாவுக்கு எதிரே நின்று அறுக்கிற சுல்மா. ஊசி மாதிரி உடம்பு, உலக்கை மாதிரி வாய்.

“என்னடி குண்டு, மூஞ்சி ஒரு தினுசா இருக்கு?” என்றாள் சுல்மா அந்த வியாழக்கிழமை காலையில். “அந்திரேஸ் வந்துட்டானா?”

மாதம் தவறாமல் வருகிற அந்த விருந்தாளிக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் வைத்திருக்கிற பேர் அந்திரேஸ்.

“விடியறதுக்கு முன்னாடியே வந்து கதவத் தட்டிட்டான். நாப்பத்துநாலு வயசாவுது, இன்னும் அவனுக்கு என் மேல ஆசை கொறையல.”

“வெளிய எத்தன படகு நிக்குது பாத்தியா? ரெட்டைத் தக்கை வெச்சுக்கோ.”

“வெச்சாச்சு, வெச்சாச்சு.”

“அப்படின்னா கப்பல் முழுகாது. கத்தியத் தீட்டு.”

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அப்படியே போயின. வீட்டுக்குப் போனதும் பூட்ஸைக் கழற்றியது தெரியும், படுத்தது தெரியாது. அந்திரேஸ் வந்த மாதிரியே கிளம்பிப் போனான். நீல்டா அவனை மறந்தாள்.

பத்து நாள் கழித்துத்தான் அது தொடங்கியது. முதலில் கையுறை என்று நினைத்தாள், புது ஜோடி மாற்றினாள். பிறகு சமையலறைச் சாக்கடை என்று நினைத்தாள். பிறகு ஃபிரிட்ஜைக் காலி செய்து, அலமாரித் தட்டுகளையெல்லாம் முற்றத்தில் போட்டுத் தேய்த்தாள். ஃபிரிட்ஜ் பளபளத்தது. நாற்றம் போகவில்லை. அவள் எங்கே போனாலும் கூடவே வந்தது, உட்கார்ந்து எழுந்தால் அவளுக்கு முன்னால் எழுந்தது. உள்ளாடையில் பழுப்பாக ஒரு கசிவு. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏனென்றால் இந்த மாதிரி ஒரு வாடையை அவள் ஏற்கெனவே முகர்ந்திருக்கிறாள். அவளுடைய அம்மா அசுந்தா நெத்திலிக்கு உப்புப் போடுகிற தொழிற்சாலையில் வேலை செய்தவள். அம்மாவிடமிருந்து ஒரு நாள் அப்படி வர ஆரம்பித்தது. யார் கேட்டாலும், “மீன்தான், மீன்” என்பாள் அம்மா. அப்பா கேட்டார், மீன்தான். பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், மீன்தான். உப்புத் தொட்டிக்காரியிடம் மீன் நாற்றம் அடிப்பதில் என்ன அதிசயம், எல்லாரும் நம்பினார்கள். நம்புவது எல்லாருக்கும் சௌகரியமாக இருந்தது. இரண்டு வருஷம் கழித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கர்ப்பப்பை வாயில் புற்று முற்றிப்போயிருந்தது, டாக்டர் கையை விரித்துவிட்டார். கடைசி மூன்று மாதம் விரிப்புகளை மாற்றியது பத்தொன்பது வயது நீல்டா.

அந்த விரிப்புகளின் வாடை இப்போது தன்னிடமே வருகிறது என்று அவள் நினைத்தாள். நினைத்தவுடன் செய்ய வேண்டியது என்ன என்று அவளுக்குத் தெரியும். ஆனால் செய்தது வேறு. துறைமுகத்துப் பெண்கள் எல்லார் வீட்டிலும் குழாயடியில் அரை எலுமிச்சம்பழம் கிடக்கும், கை நாற்றம் போக்க. நீல்டா எலுமிச்சையைத் தண்ணீரில் பிழிந்து கழுவினாள். உள்ளேயும் பீய்ச்சிக் கழுவினாள். எரிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். எரிந்தால் வேலை செய்கிறது என்று நம்புகிற ஜாதி நாங்கள். நாற்றம் மறுநாள் திரும்பி வந்தது.

மேசையில் யாரிடம் கேட்பது? கேட்டாள், சுற்றி வளைத்து.

“சுல்மா, எங்க வீட்டு ட்ரெய்னேஜ் நாறுதுடி. என்ன பண்ணலாம்?”

“வினிகர் ஊத்து. சுடுதண்ணியில கலந்து வேகமா அடி.”

“அதுக்கும் போகலைன்னா?”

“உள்ள ஏதாவது அடச்சுக்கிட்டு இருக்கும். ஆள வெச்சு எடு.”

பாவி, தனக்கே தெரியாமல் உண்மையைச் சொன்னாள். நீல்டா முதல் பாதியைத்தான் கேட்டாள். அன்று வினிகர் வாங்கிப் போனாள்.

அவளுடைய புருஷன் ஒரஸ்தே மஞ்சள் படகுக்காரன். சின்னப் படகு, மூன்று ஆள், விடியலில் போய் மாலையில் திரும்புவான். அதிகம் பேசாதவன். நீல்டா அவனுடைய குறட்டையைச் சாக்குச் சொல்லிவிட்டுச் சமையலறைப் பெஞ்சுக்குப் படுக்கையை மாற்றினாள். மேசையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் இவள் எழுந்து அடுப்பைத் துடைத்தாள்.  அவன் குளிக்கிற நேரம் நீண்டுகொண்டே போனது, தினமும் வீடு முழுக்க எலுமிச்சை வாசம். நீல்டா அதைத் தன்னுடைய எலுமிச்சை என்றே நினைத்திருந்தாள். சொன்னேனே, மூக்கு ஏமாந்த கதை இது.

இரண்டு வாரம் ஆனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. மழை பெய்தால் எங்கள் வீடுகளில் மாவைத் தட்டிக் கொழுப்பில் பொரிப்பார்கள், நடுவில் ஒரு ஓட்டை வைத்து, மேலே சர்க்கரை தூவி. நீல்டா பொரித்துப் போட்டாள். ஒரஸ்தே மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றி, குழலில் ஒரு வாய் உறிஞ்சி, மறுபடி ஊற்றி அவளிடம் நீட்டினான். கதவு திறந்திருந்தது, ஈரத் தெருவின் வாசனை உள்ளே வந்தது. அந்த வீட்டில் அதைவிட நிம்மதியான நேரம் வேறு கிடையாது. அன்றைக்குப் பொரித்தது பொரித்தபடியே தட்டில் ஆறிக் கிடந்தது.

“நீல்டா, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளு.”

“எம்மேல நாத்தம் அடிக்குதா?”

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அடிக்குது. இப்ப என்ன புதுசா?”

“வெளையாடாத. பத்து நாளா பெஞ்சுல படுக்குற. பக்கத்துல வந்தா எந்திரிச்சுப் போயிடுற. உன் மூக்கப் பத்தி ஊருக்கே தெரியும். அதான் நானும் லெமன் போட்டுத் தேச்சேன். போகலன்னு நேத்து படகு கழுவுற ப்ளீச்சுல தேச்சேன்.”

கைகளை நீட்டினான். கணுக்கணுவாக வெடித்து, வெடிப்புகளில் ரத்தம் காய்ந்திருந்தது. உப்புக் கயிறு இழுக்கிற கைகள். அதைப் பார்த்ததும் நீல்டா சட்டியை இறக்கிவைத்துவிட்டு முகத்தைச் சமையல் ஏப்ரனில் மூடிக்கொண்டாள்.

“உன்னோடது இல்லடா மடையா. என்னோடது.”

“என்ன உன்னோடது?”

“நாத்தம். எங்கிட்டேர்ந்து வருது. கீழேர்ந்து. எங்கம்மாவுக்கு வந்த மாதிரி.”

 ஒரஸ்தே மாத்தே குடுவையைக் கீழே வைத்தான்.

“எத்தன நாளா?”

“தெரியல. ரெண்டு வாரம், அதுக்கு மேல.”

“டாக்டர்கிட்ட...”

“போயி? என்ன சொல்லப்போறாங்கன்னு எனக்குத் தெரியாதா? மூக்கு இருக்குல்ல எனக்கு. இது பொய் சொல்லாது ஒரஸ்தே.”

“உங்கம்மா மீனுன்னு சொல்லிச் சொல்லியே போய்ச் சேந்தாங்க. நீ இன்னும் மீனுன்னு சொல்லல இல்ல? அது போதும். நாளைக்குப் போறோம்.”

“நாளைக்கு மழை விட்டுடும். கடல் நல்லா இருக்கும்.”

“இருக்கட்டும். நான் போகல.”

காற்று நின்ற நாளில் படகை எடுக்காத மஞ்சள் படகுக்காரனை எங்கள் துறைமுகத்தில் யாரும் பார்த்ததில்லை. 

திங்கட்கிழமை காலை வட்டாரத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் துறைமுகத்து ஆட்கள், பூட்ஸும் கையுமாக. யாருடைய நாற்றம் யாருடையது என்று பிரிக்க முடியாத கூடம். நீல்டாவுக்கு அது ஒரு தைரியம். ஆனால் சீட்டு எழுதுகிற ஜன்னல்காரிக்கு ஏலக்காரன் தொண்டை.

“என்ன பிரச்சினை?”

“இடுப்பு,” என்றாள் நீல்டா மெதுவாக.

“எலும்பா?”

“எலும்புக்குக் கீழ.”

“காலா?”

“காலுக்கு மேல.”

ஜன்னல்காரி பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கூடத்தில் யாரோ இருமினார்கள். வாசலில் நின்ற ஒரஸ்தே தொப்பிக்குள் எதையோ தேட ஆரம்பித்தான்.

“சரி புரிஞ்சுது. ரெண்டாம் ரூம். டாக்டர் அரிஸ்தி.”

டாக்டர் அரிஸ்திக்கு முப்பது வயதுகூட இருக்காது. உள்நாட்டு மாட்டுப் பண்ணைப் பக்கத்துப் பெண், மீனையே தொடமாட்டாள் என்று துறைமுகத்தில் ஒரு புகார் இருந்தது. மீன் சாப்பிடாதவளிடம் போய் என்னத்தைச் சொல்வது என்று நீல்டாவுக்கு இருந்தது. ஆனால் அந்தப் பெண் முகத்தைச் சுளிக்கவில்லை. நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“சொல்லுங்க நீல்டாம்மா.”

எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவையும் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டாள். காய்ச்சல் வந்ததா? இல்லை. நடுக்கம், வாந்தி, தலைசுற்றல், உடம்பில் தடிப்பு? எதுவும் இல்லை. அடிவயிற்றில் வலி? இல்லை, எரிச்சல்தான்.

“எரிச்சலா? எதப் போட்டுக் கழுவுனீங்க?”

“லெமன்.”

“அப்புறம்?”

“வினிகர்.”

“அப்புறம்?”

“காப்பித்தூள் கைக்கு மட்டுந்தான் டாக்டரம்மா. சத்தியமா.”

டாக்டர் பேனாவை மூடினாள். “அது மீன் துண்டு இல்ல, லெமன் புழியறதுக்கு. அந்த எடத்துக்குத் தன்னத்தானே கழுவிக்கத் தெரியும். வெளிய வெறும் தண்ணி போதும். உள்ள ஒண்ணும் போகக்கூடாது. இப்ப படுங்க, பாக்கலாம்.”

மேலே கூரையில் ஒரு ஈரக் கறை இருந்தது. நீல்டா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரும்பு சில்லென்றது. விளக்கை டாக்டர் கொஞ்சம் சாய்த்தாள், அப்புறம் இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். வெகுநேரம் பேச்சில்லை. அம்மாவைப் பார்த்த டாக்டரும் இப்படித்தான் பேசாமல் இருந்தார். 

“நீல்டாம்மா, டேம்பான் வெச்சுப்பீங்களா?”

“தக்கையா? ஆமா. மேசையில எல்லாரும் வெச்சுப்போம்.”

“ஒரு தடவைக்கு எத்தன?”

“ஒண்ணு.” கூரையைப் பார்த்துக்கொண்டே சேர்த்தாள். “படகு நெறைய வந்தா ரெண்டு.”

“ரெண்டா?”

“ரெட்டைத் தக்கை. அப்பதான் பதினாலு மணி நேரம் தாங்கும். சுல்மாதான்...”

அதோடு நிறுத்திக்கொண்டாள்.

“கடைசித் தடவ ரெண்டையும் எடுத்தீங்களா?” என்று டாக்டர் மெதுவாகக் கேட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம். விறைத்த விரல். ஒரு நூல் கைக்கு வந்தது, இழுத்தாள், முகம் கழுவினாள், விழுந்தாள். இன்னொரு நூல்? முடி கனத்து முள்ளைத் தடவியே கண்டுபிடிக்கிற விரல் அது.

“கொஞ்சம் இருமுங்க,” என்றாள் டாக்டர். நீல்டா இருமினாள். நீளக் கிடுக்கி உள்ளே போய் வந்தது. ஒரு கண்ணாடிப் புட்டியில் என்னவோ விழுந்தது. அறை முழுக்க நாறியது. டாக்டர் ஒரு கையால் ஜன்னலைத் திறந்து, மறுகையால் மூடியை எடுத்தாள்.

“மூடாதீங்க.” நீல்டா முழங்கையை ஊன்றி எழுந்துவிட்டாள். “ஒரு நிமிசம். இங்க குடுங்க.”

“நீல்டாம்மா, வேண்டாம்.”

“குடுங்க டாக்டரம்மா. இது என் தொழில்.”

வாங்கி, ஒரு தடவை, செவுளை முகர்கிற மாதிரி முகர்ந்தாள்.

“இருபத்தஞ்சு நாளு,” என்றாள். “அந்த வியாழக்கெழம.”

டாக்டர் சுவரில் இருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்து, உதடு அசைய எண்ணினாள். எண்ணி முடித்துத் தலையை ஆட்டினாள்.

நீல்டா புட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். உடம்புக்கு வெளியே வந்து தனியாக நின்றபோதுதான் அவளால் அதைச் சரியாக முகர முடிந்தது. உள்ளே இருந்தவரை அவள் முகர்ந்ததெல்லாம் பயத்தை. “எங்கம்மாவோடது இது இல்ல,” என்றாள். “அது வேற. அது முழுக்க வேற.” சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். பத்தொன்பது வயதில் விரிப்புகளை அலசுகிறபோது அழ நேரம் இல்லை. அந்த அழுகையும் சேர்ந்து வந்தது. மீன் சாப்பிடாத அந்தப் பெண் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

அழுது முடித்தபின் டாக்டர் சொன்னது இவ்வளவுதான். இது எத்தனையோ பெண்களுக்கு நடக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டொரு நாளில் நாற்றம் போய்விடும். காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல், தடிப்பு எதாவது வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், டேம்பான் உள்ளே இருந்தது என்று சொல்ல வேண்டும்.

“அம்மா விஷயம் சொன்னீங்க இல்ல, அதுக்கு ஒரு சோதனை இருக்கு. பஞ்சுக் குச்சியில தொட்டு எடுக்கறது, அவ்வளவுதான். எப்பவாவது பண்ணியிருக்கீங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

“என்ன சொல்வாங்களோன்னு.”

“எரிச்சல் ஆறட்டும். பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க. வரலைன்னா நானே ஆலைக்கு வந்துடுவேன். அப்புறம், தக்கை ஒரு தடவைக்கு ஒண்ணுதான். நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒரு தடவ மாத்தணும். எட்டு மணி நேரத்த ஒருநாளும் தாண்டக்கூடாது.”

நீல்டாவுக்கு அழுகையிலும் சிரிப்பு வந்தது. “அந்தச் செவப்புக் கட்டைய நீங்க பாத்ததில்ல டாக்டரம்மா.”

கட்டையின் கதையைச் சொன்னாள். டாக்டர் அரிஸ்தி கேட்டுவிட்டு, “நாப்பது பேருக்கு ஒரு கட்டையா?” என்றாள். சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தவள், பாதியில் நிமிர்ந்து மறுபடியும், “ஒரே கட்டையா?” என்றாள்.

வாசலில் ஒரஸ்தே கம்பத்தோடு கம்பமாக நின்றுகொண்டிருந்தான்.

“என்ன சொன்னாங்க?”

“தக்கை.”

“என்ன தக்கை?”

காதில் சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் கடல் பக்கம் பார்த்தான். அப்புறம் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறான் என்று நினைத்து அவளும் சிரித்தாள். தொப்பியை முகத்தில் வைத்து அழுத்தியபோதுதான் அது சிரிப்பு மட்டும் இல்லை என்று தெரிந்தது. கல்சுவர்வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், கல்யாணத்துக்கு முன்னால் நடந்த மாதிரி. கடல்சிங்கங்கள் நாறின. என்ன அருமையான நாற்றம் என்று நீல்டா நினைத்தாள்.

மறுநாள் ரேடியோவைக் குறைத்துவிட்டு மேசையில் அவளே சொன்னாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா ஒளித்ததுதான் அவளுக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. பதினோரு கத்தியும் நின்றன. யாரும் சிரிக்கவில்லை. சுல்மாவின் முகம் மெர்லூசா மாதிரி வெளுத்தது. விரல்விட்டு எதையோ எண்ணினாள், மறுபடி எண்ணினாள். திடீரென்று கத்தியைப் போட்டுவிட்டு, ஆணியிலிருந்த சிவப்புக் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு முற்றத்தைத் தாண்டி ஓடினாள். பத்து நிமிஷம் கழித்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டே வந்தாள்.

“காலி!” என்று கத்தினாள் வாசலிலிருந்தே. “ஒண்ணுமில்ல, காலி!”

அப்போது எழுந்த கைதட்டலில் கண்ணாடி அறையிலிருந்து சவேரியோ வெளியே வந்துவிட்டார்.

அதற்கடுத்த நாள் காலை நீல்டா ஒரு துணிப்பையோடு வேலைக்கு வந்தாள். உள்ளே பன்னிரண்டு மரக்கட்டை. ஒரஸ்தே உடைந்த மீன்பெட்டியை அறுத்து, இழைத்து, படகுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயின்ட்டை இரண்டு கை அடித்திருந்தான். நாற்பது செய்யத்தான் நினைத்தான், பெட்டி பத்தவில்லை. ஆணியும் அவனே கொடுத்துவிட்டிருந்தான். சுல்மா கத்தியின் பிடியாலேயே அடித்தாள்.

“இது என்ன?” என்றார் சவேரியோ.

“கட்டை, மேஸ்திரி.”

“கட்டைன்னு தெரியுது. யார் சொல்லி மாட்டுனீங்க?”

நீல்டா டாக்டர் சீட்டை நீட்டினாள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது பெண்களைக் கழிப்பறைக்குப் போகவிட வேண்டும் என்று எழுதியிருந்ததை அவர் ஈரக் கையில் வாங்கிப் படித்தார். காது சிவந்தது. அந்தச் சமயம் பார்த்து ஒரு கேப்டன் மீன்கூடையோடு உள்ளே வந்து, மார்பில் சிலுவை போட்டு, “நேத்துப் புடிச்சது” என்றான்.

“நீல்டா, வந்து பாரு,” என்றார் சவேரியோ, தப்பித்த குரலில்.

“வர்றேன். கட்டை இருக்குமா, இருக்காதா?”

“அதப் பத்தி அப்புறம் பேசலாம்.”

“அப்ப மீனப் பத்தியும் அப்புறம் பேசலாம். எனக்கு இன்னிக்கு ஜலதோசம் மேஸ்திரி. ஒண்ணும் மணக்கல.”

கேப்டன் முழித்தான். சவேரியோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பன்னிரண்டு மஞ்சள் கட்டையைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். கடிகாரத்தின்மேல் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“இருக்கட்டும்,” என்றார்.

நீல்டா செவுளைத் தூக்கினாள். “நாலு நாளு.”

சோதனைக்குச் சரியாகப் பதினைந்தாம் நாள் போனாள். முடிவு வர ஒரு மாதம் ஆனது. செப்டம்பரில் ஒரு நாள் வேலைக்குப் போகிற வழியில் அதை வாங்கினாள். டாக்டர் அரிஸ்தியே ஜன்னலுக்கு வந்து, உறையைப் பிரித்துக் காட்டி, “ஒண்ணுமில்ல நீல்டாம்மா. சுத்தம்” என்றாள். நீல்டா மேசைக்கு வந்து நின்றாள். கொஞ்ச நேரம் முள் பார்த்தாள். பிறகு ஒரு மஞ்சள் கட்டையை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். அவசரம் ஒன்றும் இல்லை. கதவைச் சாத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். மேசைப் பெண்கள் ரேடியோவோடு சேர்ந்து கத்துவது அங்கேவரைக்கும் கேட்டது.

கையுறையைக் கழற்றி விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள். எலுமிச்சை இல்லை, வினிகர் இல்லை.

“மீன்தாம்மா,” என்றாள் வாய்விட்டு. “மீன்தான்.”